மூன்றாமவரின் ஈரல்

மருந்து சோதிக்கிற லேபில் அவளுக்கு வைத்த பெயர் குமிழி. கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அதில் மரியாதையும் இருந்தது. அவர்கள் வேலை செய்தது கட்டைவிரல் அகலமே உள்ள, கண்ணாடி மாதிரித் தெளிந்த ரப்பர் துண்டுகளில். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் மேலும் கீழுமாக இரண்டு மெல்லிய வாய்க்கால்கள். மேல் வாய்க்காலில் மனிதக் கல்லீரலின் செல்கள், கீழே ரத்தக் குழாயின் உட்சுவர் செல்கள், நடுவில் சல்லடை போல ஒரு சவ்வு. அதைத்தான் சிப் என்பார்கள். ரத்தத்துக்குப் பதிலாக ஒரு சத்து நீர் அதற்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கு ஒரு சொட்டுகூடத் தேறாத ஓட்டம். அந்த ஓட்டத்தில் கடுகில் பாதி அளவு காற்றுக் குமிழி நுழைந்துவிட்டால், செல்கள் மூச்சுத் திணறிச் செத்துவிடும். பத்து நாள் பாடு பத்து நிமிஷத்தில் பாழாகும். மற்றவர்கள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தேடுகிற குமிழியை, இவள் சிப்கள் வைத்த தட்டை வெளிச்சத்தில் ஒரு சாய்ப்புச் சாய்த்துச் சொல்லிவிடுவாள்.

வயது நாற்பத்து நான்கு. அந்த இடத்தில் பதினொரு வருஷம். முதல் ஆறு வருஷம் கீழ்த்தளத்தில் எலிகளோடு. எலிக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் மனிதனுக்கு ஒத்துக்கொள்ளும் என்று எழுதிக் கொடுக்க முடியாது என்பதை அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. சிப் வந்ததும் மேலே வந்தாள். கணவன் என்று ஒருவர் இருந்தார். அவரவர் வழியே போய் வெகுகாலம் ஆயிற்று. சொந்தம் என்று மிச்சம் இருந்தது ஒரே தங்கை.

தங்கை தையல்காரி. ஒரு பெரிய துணிக்கடையின் மாடியில் ஆல்டரேஷன் பிரிவில் இருந்தாள். இடுப்பைப் பிடிக்கிறதும் நீளத்தைக் குறைக்கிறதும் அவள் வேலை. உடம்பே தன் மூட்டுகளைப் பகையாளியாக நினைத்துத் தாக்குகிற நோய் அவளுக்கு வந்து மூன்று வருஷம். விரல் கணுக்கள் காலையில் வீங்கி, மதியம் வரை மடங்காது. இருக்கிற மருந்துகள் எல்லாம் ஒரு சுற்று வந்துவிட்டன. ஒன்று வயிற்றைக் கெடுத்தது, ஒன்று முடியைக் கொட்ட வைத்தது, மற்றவை பாதிக்கு மேல் கேட்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு புது மாத்திரையின் சோதனைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி, இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு சம்மதப் படிவத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். தங்கை அதை நேரே அக்காவிடம் கொண்டுவந்தாள். படித்தவள், மருந்துச் சங்கதி தெரிந்தவள், வேறு யாரிடம் போவாள்?

குமிழி அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்கத் தொடங்கினாள். நாலாம் பக்கத்தில் மருந்துக்கு ஒரு எண் போட்டிருந்தது. ஏழு இலக்கம், நடுவில் ஒரு எழுத்து. அன்று காலையில்தான் அதே எண் ஒட்டிய சின்னப் புட்டியை, லேபுக்கு வந்த பெட்டியிலிருந்து அவள் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்தாள். மறுநாள் அந்த மருந்தைச் சிப்களில் செலுத்தப் போவதும் அவள்தான்.

பால் பொங்கி வழிந்தது. தங்கை எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

விதி தெளிவாக இருந்தது. லேபில் நடக்கிற எதையும் வெளியே சொல்லக் கூடாது. சோதிக்கிற மருந்தில் சொந்தக்காரர் யாருக்காவது சம்பந்தம் இருந்தால் உடனே லேபின் தலைவியிடம் சொல்ல வேண்டும். முதல் விதியை அவள் காப்பாற்றினாள். இரண்டாவதை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டாள். எலியும் நாயும் அந்த மருந்தைத் தாங்கியிருந்தன. நோயில்லாத சிலருக்கு ஒரே ஒரு வேளை கொடுத்துப் பார்த்ததிலும் குறை இல்லை. சிப் சோதனை என்பது மருந்துக் கம்பெனிக்காரர்கள் தங்கள் மனநிறைவுக்காகச் செய்துகொள்வது. சட்டம் அதைக் கேட்கவில்லை. இதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு, தங்கையிடம் கையெழுத்துப் போடு என்று சொன்னாள். தங்கை பேனாவை இரண்டு விரல் நடுவே செருகி, குழந்தை எழுதுவது போல எழுதினாள்.

முதல் மாத்திரைக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது. அந்த நாலு வாரமும் பழைய மருந்துகளை நிறுத்திவைக்க வேண்டும் என்பது நிபந்தனை.

லேபில் மொத்தம் இருபத்து நாலு சிப்கள். இறந்துபோன நாலு பேரின் கல்லீரலிலிருந்து எடுத்த செல்கள். ஆளுக்கு ஆறு சிப், ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு பம்ப். ஆறில் மூன்றுக்கு மருந்து கலந்த சத்து நீர், மூன்றுக்கு மருந்தில்லாத வெறும் நீர். செல் கொடுத்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர், நான்காமவர் என்பதுதான் புழக்கம். மூன்றாமவரைப் பற்றிய தாளில் மூன்றே தகவல்: ஆண், வயது முப்பத்து நாலு, தலையில் அடி. அவருடைய ஈரல் இன்னொருவருக்குப் பொருத்துவதற்காக எடுக்கப்பட்டு, நேரம் கடந்துபோனதால் பொருத்த முடியாமல் இங்கே வந்தது.

நாலாம் நாள் மூன்றாமவரின் தட்டில் ஒரு காற்றுக் குமிழி வந்தது. குமிழி அதைப் பார்த்தாள், பத்து நிமிஷத்துக்குள் குழாயைத் தட்டி வெளியேற்றினாள், நோட்டில் மணி போட்டு எழுதிவைத்தாள். ஆறு சிப்பும் பிழைத்தன. அதை அவள் அன்றே மறந்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் மூன்றாமவரின் சிப்களில் மருந்து போன மூன்றும் சுணங்கின. நல்ல ஈரல் செல்கள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கல் பாவிய தெருவைப் போல இருக்கும். ஒவ்வொரு கல்லின் ஓரமும் பளிச்சென்று தெரியும். அந்த ஓரங்கள் மங்கியிருந்தன. பதினொன்றாம் நாள் செல்கள் உருண்டு, ஒன்றை விட்டு ஒன்று விலகி, உள்ளே இருக்க வேண்டிய சரக்கு வெளியேறும் நீரில் கலந்து வந்தது. பக்கத்திலேயே, அதே தட்டில், அதே பம்பில், வெறும் நீர் போன மூன்றும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. மற்ற மூன்று பேரின் சிப்களும் மருந்தைக் குடித்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

பதினாலாம் நாளோடு ஓட்டம் முடிந்தது. அடுத்த நாள், வியாழக்கிழமை, தலைவி நோட்டைப் புரட்டினார். தலைவி டாக்டர் பட்டம் வாங்கியவர், குமிழியைவிட எட்டு வயது இளையவர், நாலு வார்த்தையில் முடிகிற பேச்சை ஐந்தாவதுக்கு நீட்டாதவர். நாலாம் நாள் குறிப்பில் அவர் விரல் நின்றது. காற்றுக் குமிழி பதிவான தட்டை முடிவில் சேர்க்கக் கூடாது என்று அவர்களே எழுதிவைத்த விதி ஒன்று உண்டு. ஆக மூன்றாவது தட்டு கழியும். பதினெட்டு சிப், மூன்று பேர், அத்தனையும் சுத்தம். அறிக்கை மறுநாள் மாலை கம்பெனிக்குப் போகும். தலைவி ஏமாற்றவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. விதி அப்படி.

குமிழி நோட்டை வாங்கி அலமாரியில் வைத்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் முறைப்படி நடந்துவிடும். இத்தனை வருஷ வேலையில், சும்மா இருப்பது இவ்வளவு சரியான காரியமாக அவளுக்கு ஒருபோதும் வாய்த்ததில்லை.

அன்று சாயங்காலம் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கித் தங்கை வீட்டுக்குப் போனாள். பழைய மருந்தை நிறுத்தி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தங்கை நாற்காலியில் இருந்தாள், இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு. அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்கிற்று. அந்தக் கையால் மனைவிக்கு ரொட்டியைப் பிய்த்து சூப்பில் தோய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் இன்னொரு கோப்பை எடுத்து வைத்தார். தங்கை நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். முதல் மாத்திரைக்கு இன்னும் பதின்மூன்று நாள். கடையில் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்களாம். கை மட்டும் மடங்கட்டும், முதல் வேலையாக அக்காவின் சாம்பல் நிறக் கோட்டைப் பிரித்துத் தைத்துத் தருவதாகச் சொன்னாள். எவனோ கசாப்புக்காரன் தைத்தது மாதிரி இருக்கிறதாம்.

குமிழி சூப்பைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே போனாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். சதை ஆடியது உண்மை. ஆனால் மனசு அந்த மூன்று சிப்பிலேயே நின்றது. காற்றுக் குமிழிதான் கொன்றது என்றால் ஆறையும் அல்லவா கொன்றிருக்க வேண்டும்? மருந்து குடித்ததை மட்டும் பொறுக்கிக் கொல்ல, காற்றுக்கு என்ன கண்ணா இருக்கிறது?

மறுநாள் காலை தலைவி லேப் கோட்டை மாட்டுவதற்கு முன்பே அவர் அறையில் போய் நின்றாள். முதலில் சிப்களைப் பற்றிச் சொன்னாள். பிறகு தங்கையைப் பற்றிச் சொன்னாள். இரண்டாவதைச் சொல்லும்போது தலைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

தலைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"பதினாறு நாளா."

"பதினாறு நாளா அந்தச் சிப்பைத் தொட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."

"ஆமா, டாக்டர்."

"இப்ப நீங்க சொல்றது உங்க தங்கச்சிக்குப் பாதகமாத்தான் இருக்கு. அதனால நான் நம்புறேன். ஆனா கம்பெனிக்காரங்க அப்படிப் பார்க்க மாட்டாங்க. உங்க நோட்டுல இருக்கிற ஒவ்வொரு வரியையும் சந்தேகப்படுவாங்க. அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியாது."

சொன்னபடியே நடந்தது. அன்று மாலை கம்பெனிக்கு அறிக்கைக்குப் பதிலாக ஒரு கடிதம் போயிற்று. மூன்றாமவரின் செல்லை வைத்து மறுபடி செய்து பார்ப்பது, அதுவரை முதல் மாத்திரையைத் தள்ளிவைப்பது என்று முடிவாயிற்று. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் நீர் என்பது செய்கிறவர்களுக்கே தெரியாதபடி எண்களை மாற்றிப் போட்டார்கள். குமிழி அந்த அறைக்குள் நுழையக் கூடாது. சாமான் அறையில் அவளை உட்கார வைத்தார்கள். புட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவதும், செல்களை உறைய வைத்திருக்கும் நைட்ரஜன் தொட்டியில் திரவம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் வேலை. எழுத்தில் ஒரு கண்டிப்பும் வந்தது. அதை அவள் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்; தவறு அவளுடையதுதான்.

மூன்றாமவரின் செல்கள் உலகத்தில் இன்னும் இரண்டே குப்பியில் இருந்தன. ஒரு தடவைக்குத்தான் காணும். அதை உருக்கிச் சிப்பில் ஏற்றும் பொறுப்பு நெட்டை என்று அழைக்கப்பட்ட சக ஊழியருக்குப் போயிற்று. நெட்டை கெட்டிக்காரி, ஆனால் அவசரக்காரி. உறைந்த குப்பியை வெந்நீரில் அரை நிமிஷம் கூடுதலாக வைத்தால் பாதி செல் செத்துவிடும். அந்தக் காலை குமிழி சாமான் அறையில் ஒரே லேபிளை மூன்று புட்டிக்கு ஒட்டினாள். மதியம் நெட்டை கதவருகே வந்து, உள்ளே வராமல், நூற்றுக்குத் தொண்ணூறு உயிரோடு இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சொல்லியிருக்கக் கூடாதுதான்.

மூன்று வாரம் கழித்துத் தலைவி கூப்பிட்டு அனுப்பினார். இந்தத் தடவை காற்றுக் குமிழி ஒன்றும் வரவில்லை. ஒன்பதாம் நாள் மருந்து போன சிப்கள் மங்கின, பதினொன்றில் உருண்டன. ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அந்த மனிதரின் உடம்பு இந்த மருந்தை உடைக்கிற வேலையில் மந்தம். உடைபடாமல் பாதியில் நிற்கிற கழிவு சேர்ந்து சேர்ந்து ஈரலைக் கொல்கிறது. நூறு பேரில் எத்தனை பேர் இப்படி இருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. தெரியும் வரை மாத்திரை யாருக்கும் இல்லை.

தங்கைக்கு அதற்கு முன்பே தள்ளிவைப்புக் கடிதம் வந்திருந்தது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை. பழைய மருந்துகளை மறுபடி ஆரம்பித்தாள், ஆனால் அவை பிடிக்கவே இரண்டு மாதம் ஆகும். பிடித்தாலும் முன்பே பாதிதான் கேட்டது. அதற்குள் வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் வளைந்தபடி இறுகிவிட்டன. கடைக்காரர் நல்லவர்தான், எத்தனை நாள் பார்ப்பார்? அந்த இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள்.

காரணத்தை ஆஸ்பத்திரி எல்லோருக்கும் எழுத்தில் தெரிவித்த பிறகுதான் குமிழிக்கு வாய் திறக்க அனுமதி கிடைத்தது. அன்று மாலையே போனாள். லிஃப்ட்காரர் வேலைக்குப் போயிருந்தார். எதையும் ஒளிக்காமல், படிவத்தில் எண்ணைப் பார்த்த நாளிலிருந்து சொன்னாள். முடிந்ததும் தங்கை கேட்டாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்கு மாத்திரை கிடைச்சிருக்குமா?"

"கிடைச்சிருக்கும்."

"எனக்கு அந்தக் கோளாறு இருக்கா?"

"தெரியாது. இன்னும் டெஸ்ட் வரல."

"யாரோ செத்துப்போனவனோட ஈரல் கெட்டுப்போச்சுன்னு என் கைய வாங்கிட்டே."

"அந்த யாரோ நீயா இருந்தா?"

"இருந்தா சரி. இல்லேன்னா?"

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று தங்கை சொன்னாள். கோபமாகக்கூட இல்லை, துணியின் நீளத்தை அளந்து சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். குமிழி கூடத்து விளக்கைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு பேச்சு லிஃப்ட்காரர் வழியாகத்தான் நடந்தது. வாரம் ஒரு தடவை ஃபோனில், அக்கா சௌக்கியமா என்று ஆரம்பித்து, ஒரு நல்ல சேதியும் ஒரு கெட்ட சேதியும் சொல்லி வைத்துவிடுவார். லேபில் அவளை மறுபடி சிப் அறைக்குள் விட்டார்கள். குமிழி என்று கூப்பிடுவதை யாரும் நிறுத்தவில்லை. நோட்டில் அவள் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நெட்டையும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது மட்டும் புதிது. மற்றபடி வேறு மருந்துகள், வேறு ஈரல்கள், வேறு நபர்கள்.

எட்டு மாதம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனை தயாராயிற்று. மூன்றாமவரைப் போன்ற உடம்பை அது காட்டிக் கொடுக்கும். சோதனைக்குக் காத்திருந்த அறுபது பேரையும் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். அறுபதில் ஐந்து பேரைத் தள்ளினார்கள். தங்கை அந்த ஐந்தில் இல்லை. அந்த மாத்திரையை எட்டு மாதம் முன்பே அவள் விழுங்கியிருந்தாலும் ஈரலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, விரல்களும் இறுகியிருக்காது. லிஃப்ட்காரர் இதை ஃபோனில் சொல்லும்போது கெட்ட சேதி எது, நல்ல சேதி எது என்று பிரிக்காமல் சேர்த்தே சொன்னார். குமிழி கேட்டுக்கொண்டாள். சரி தம்பி என்றாள். அன்று அவள் சிப் அறையில் ஒரு காற்றுக் குமிழியைத் தவறவிட்டாள், நெட்டைதான் பிடித்தாள்.

சோதனை தொடங்கித் தங்கைக்குக் கிடைத்த மாத்திரை கேட்டது. அதிசயமாக அல்ல, வீக்கம் இறங்கிற்று, காலையில் கை மடங்கிற்று. இறுகிப்போன இரண்டு விரல் அப்படியே நின்றுவிட்டது. கத்தரிக்கோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, தங்கை வீட்டிலேயே சின்னச் சின்ன வேலைகளாக வாங்கித் தைத்தாள்.

ஐந்தாவது மாதத்து மாத்திரை வாங்கப் போன நாளில், தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அக்கா வீட்டுக்கு வந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு. குமிழி கதவைத் திறந்து, வழிவிட்டு, நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். தங்கை உட்கார்ந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு மனிதரைப் பார்த்தாளாம். நாற்பது வயதுக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், ஐந்து மணி நேரம் பயணம் செய்து வந்திருக்கிறார். தள்ளப்பட்ட ஐந்து பேரில் ஒருவர். இன்னொரு தடவை டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்க வந்திருந்தார். இரண்டாவது டெஸ்டும் அதையேதான் சொல்லிற்று. இரண்டு முட்டியும் வீங்கி, கம்பை ஊன்றிக்கொண்டு, தன் தலையெழுத்தைத் திட்டிக்கொண்டிருந்தாராம். எல்லாருக்கும் கிடைக்குது, எனக்கு மட்டும் கதவைச் சாத்திட்டாங்க, நான் யாருக்கு என்ன பாவம் செய்தேன் என்று தங்கையிடம் கேட்டாராம். அவர் பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, தகப்பனுடைய பையைப் பிடித்துக்கொண்டு.

"நீ என்ன சொன்னே?" என்றாள் குமிழி.

"ஒண்ணும் சொல்லல. அவருக்குச் சாத்தின கதவு மட்டும்தான் தெரியுது. உள்ள என்ன இருந்துச்சுன்னு நான் எப்படிச் சொல்றது? டீ வாங்கிக் கொடுத்தேன். பஸ் வரைக்கும் கூடப் போனேன்."

தங்கை இறுகிய விரல்களை இடது கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு உன்மேல இன்னும் கோபம் இருக்குக்கா," என்றாள். "போகுமான்னு தெரியல."

"இருக்கட்டும்."

"அந்தப் பொண்ணு பையைப் பிடிச்சிருந்தது மட்டும் கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது."

பிறகு கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். இன்னும் நேரம் இருந்தது. குமிழி அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். தங்கை குனிந்து, இடது கையால் செருப்பின் வாரைக் கழற்றினாள்.